பாதியில் மூடிய படங்கள்: டிஜிட்டல் ஓவியம், வாசகர் கேள்வி பதில்

பொழுதுபோக்காக டிஜிட்டல் ஓவியம் பழகும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். எந்த மென்பொருள் நல்லது, எந்த பிரஷ் வாங்கலாம் என்று கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலான கடிதங்களின் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்: ‘இது எனக்கு வருமா?’ அந்தச் சந்தேகத்துக்குள் ஒளிந்திருக்கும், கையால் திருத்தக்கூடிய சங்கதிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்திருக்கிறோம்.

கே: இரண்டு வருடமாக வேலை முடிந்து வந்து வரைகிறேன். ஸ்கெட்ச் வரை படம் நன்றாக இருக்கிறது. வண்ணம் போட ஆரம்பித்ததும் அசிங்கமாகத் தெரிகிறது, மூடிவிடுகிறேன். அறுபது கோப்புகள் பாதியில் கிடக்கின்றன. திறமை இல்லை என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடலாமா?

ப: விட வேண்டாம். நீங்கள் சொல்லும் அந்த அசிங்கமான கட்டம் எல்லோருடைய படத்துக்கும் உண்டு, கைதேர்ந்தவர்களுக்கும் உண்டு. அது வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்கெட்சில் ஒரு தோள்பட்டைக்கு நாலைந்து கோடுகள் ஓடும். அவற்றில் சரியானதை உங்கள் கண்ணே பொறுக்கிக்கொள்ளும். அதன்மேல் சுத்தமான இறுதிக் கோடு, அதாவது லைன் ஆர்ட் போடும்போது நாலில் ஒன்றை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். கண்ணுக்கு இருந்த அந்தச் சலுகை அங்கேயே போய்விடுகிறது. அதன்மேல் தட்டையாக வண்ணம் நிரப்பியதும் கரிக்கோடுகள் தந்த கொஞ்ச ஆழமும் மறைந்துவிடுகிறது. நிழலும் வெளிச்சமும் இன்னும் வந்திருக்காது. ஆழம் காட்டக்கூடிய எதுவுமே இல்லாத நேரத்தில் படத்துக்குத் தீர்ப்புச் சொல்வது, கை தைக்காத சட்டையைப் போட்டுப் பார்த்து அளவு சரியில்லை என்பது மாதிரி.

‘அசிங்கமாக இருக்கிறது’ என்பதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. ‘தூரத்துக் கண் கீழே இறங்கியிருக்கிறது’ என்று தெரிந்தால் இரண்டு நிமிடத்தில் திருத்தலாம். மூடவேண்டும் என்று தோன்றும் அந்த நொடியில் மூன்று சோதனைகளைச் செய்துவிட்டு, பிறகு முடிவெடுங்கள்.

முதலாவது, படத்தை இடவலமாகத் திருப்புவது. கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் எம் விசையைத் தட்டினால் போதும். மற்ற மென்பொருள்களில் கான்வாஸ் தொடர்பான மெனுவில் இருக்கும். வெகுநேரம் பார்த்த படத்தின் தவறுகளுக்குக் கண் பழகிப்போகிறது. திருப்பியதும் அந்தப் பழக்கம் உடைகிறது. முக்கால் பக்கமாகத் திரும்பிய முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழகுபவர்கள் தூரத்துக் கண்ணைக் கிட்டத்துக் கண் அளவுக்கே வரைந்துவிடுவார்கள். தலை சாய்ந்திருந்தாலும் அந்தக் கண்ணைச் சாய்வோடு சேர்த்து வைக்காமல் நேர்மட்டத்தில் வைத்துவிடுவார்கள். திருப்பிப் பார்த்தால் முகமே ஒரு பக்கம் வழிந்து இறங்குவதுபோல் தெரியும். புதிய லேயரில் (படத்தின் மேல் கண்ணாடித்தாள்போல் விரியும் தனி அடுக்கு) புருவங்களின் வழியாக ஒரு கோடு, உதட்டோரங்களின் வழியாக ஒரு கோடு போடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சாய்வில் போகவேண்டும். போகவில்லை என்றால் லாசோ கருவியால் அந்தக் கண்ணை மட்டும் வளைத்து எடுத்து, நகர்த்தி, சுருக்குங்கள். அழித்து முதலிலிருந்து வரையத் தேவையில்லை.

இரண்டாவது, சாம்பல் சோதனை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு லேயர் போட்டு, கறுப்பால் நிரப்பி, அதன் கலப்பு முறையை ‘கலர்’ என்று மாற்றுங்கள். நிறம் போய் வெளிச்சமும் இருட்டும் மட்டும் நிற்கும். பாதியில் கைவிடப்படும் படங்களில் பெரும்பாலும் தெரிவது ஒரே நோய்தான்: தோல், முடி, உடை, பின்னணி எல்லாம் நடுத்தரச் சாம்பலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும். நிறம் வேறு என்பதால் வித்தியாசம் இருப்பதாக நினைத்திருப்பீர்கள். வெளிர், நடு, கரு என்று மூன்று படிகள் வைத்துக்கொள்ளுங்கள். முகத்துக்குப் பின்னால் இருப்பதை ஒரு படி இறக்குங்கள் அல்லது ஏற்றுங்கள். பின்னணியை மட்டும் மாற்றிய ஐந்தே நிமிடத்தில் முகம் முன்னால் வந்து நிற்பதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது சுலபமானது. கட்டைவிரல் நகம் அளவுக்குப் படத்தைச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவில் என்ன படம் என்று புரியவில்லை என்றால் இமைமுடி வரைந்து பயனில்லை.

திருத்தும் வரிசையும் முக்கியம். வடிவம், அப்புறம் இருட்டு வெளிச்சம், அப்புறம் நிறம், கடைசியில் ஓரங்களின் கூர்மை. கண்ணின் பளபளப்பை முதலிலேயே ஆசையாக வரைந்துவிட்டால், அந்தக் கண் தப்பான இடத்தில் இருப்பது தெரிந்தபிறகும் நகர்த்த மனம் வராது.

அந்த அறுபதில் மூன்றை மட்டும் எடுங்கள். நகல் எடுத்து, நகலில் எல்லா லேயர்களையும் ஒன்றாக்கி, மேலே ஒரே ஒரு லேயர் போட்டு ஒரு மணி நேரம் மட்டும் வண்ணம் தீட்டுங்கள். நாற்பது லேயர் இருக்கும் கோப்பில் எது எங்கே என்று தேடுவதிலேயே வரையும் ஆசை அடங்கிவிடும். மீதி ஐம்பத்தேழும் ‘பயிற்சி’ என்ற உறைக்குள் போகட்டும். அவை உங்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிட்டன.

புதிய படங்களின் அளவைக் குறையுங்கள். ஏ4 தாள் அளவு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 2480 × 3508 பிக்சல், கிட்டத்தட்ட 87 லட்சம் பிக்சல். 1500 × 1500 என்றால் 22.5 லட்சம். நிரப்பவேண்டிய பரப்பு கால் பங்காகிறது, முடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. லேயர் நான்கு போதும்: ஸ்கெட்ச், தட்டை வண்ணம், அதற்கு வெளியே வழியாதபடி அதோடு கிளிப் செய்த மல்டிப்ளை (கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் கலப்பு முறை) நிழல், எல்லாவற்றுக்கும் மேலே திருத்த ஒன்று. மூன்று அமர்வு, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம். நேரம் முடிந்ததும் எப்படி இருந்தாலும் கையெழுத்துப் போட்டு மூடுங்கள். முடித்துப் பழகுவதும் ஒரு தனித் திறன். பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால் படத்தின் கடைசிக் கால்வாசி வேலை உங்களுக்குப் பழகாமலே போகும்.

கே: காகிதத்தில் கோடு ஒழுங்காக வருகிறது. கணினியோடு இணைத்துப் பேனாவால் வரையும் பேடில் நடுங்குகிறது. திரையில்லாத சின்ன பேட். தப்பு என் கையிலா, பேடிலா?

ப: கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அரை மணி நேரம் போதும். கையைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

பேட் மேல் ஒரு நாணயத்தை வைத்து அதைச் சுற்றி வரையுங்கள். திரையில் வட்டம் வரவேண்டும். முட்டை வந்தால், பேடின் அகல உயர விகிதமும் திரையின் விகிதமும் பொருந்தவில்லை. பேட் 16:10, திரை 16:9 என்று இருப்பது சகஜம். இரண்டு திரை இணைத்திருந்தால் இன்னும் மோசம், பேட் இரண்டின் மேலும் பரவி நிற்கும். பேடைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்பில் ஒரே திரையைத் தேர்ந்தெடுத்து, விகிதத்தைக் காக்கச் சொல்லும் பெட்டியில் டிக் போடுங்கள். பேடின் ஓரத்தில் ஒரு பட்டை வேலை செய்யாமல் போகும், போகட்டும். இந்த ஒன்றைச் சரிசெய்யாமல் மாதக்கணக்கில் முகம் வரைந்து ‘என் முகமெல்லாம் ஏன் அகலமாக இருக்கிறது’ என்று நொந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, அளவுகோலைச் சாய்வாக வைத்து மெதுவாக ஒரு கோடு இழுங்கள். அளவுகோல் இருந்தும் கோடு சீரான இடைவெளியில் அலை அலையாக வந்தால் அது கருவியின் நடுக்கம். சாய்கோட்டை மெதுவாக இழுக்கும்போதுதான் அது அதிகம் தெரியும், வேகத்தைக் கூட்டினால் குறையும். அளவுகோலோடு கோடு நேராக வந்து, எடுத்தால் நடுங்கினால், அது கை. கை என்றாலும் கவலை வேண்டாம். திரையில்லாத பேடில் கை ஓரிடம், கண் ஓரிடம். அது பழகச் சில வாரங்கள் ஆகும். தினமும் பத்து நிமிடம்: இரண்டு புள்ளி வையுங்கள், பேனா பேடைத் தொடாமல் காற்றில் இரண்டு முறை ஓட்டிப் பாருங்கள், பிறகு ஒரே இழுப்பில் சேருங்கள். இருபது கோடு, இருபது நீள்வட்டம், அவ்வளவுதான்.

கோட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் பெரும்பாலான மென்பொருள்களில் இருக்கிறது. ப்ரோகிரியேட் என்ற ஓவியச் செயலியில் ஸ்ட்ரீம்லைன் என்ற பெயரில் இருக்கும். 100 வரை அளவு இருந்தால் 15, 20-இல் தொடங்குங்கள். மிக அதிகமாக வைத்தால் கோடு பேனா முனைக்குப் பின்னால் இழுபட்டு வரும், கூர்மையான மூலைகள் மழுங்கிப்போகும்.

400 சதவீதம் பெரிதாக்கி வரைவதும் நடுக்கத்துக்குக் காரணம். அந்த நெருக்கத்தில் ஒரு முழங்கையைக்கூடத் துண்டு துண்டாகத்தான் போட முடியும், கோட்டில் மயிர் முளைத்தது மாதிரி இருக்கும். உருவம் முழுவதும் தெரியும் அளவில் வைத்து, நீளக் கோட்டைத் தோளிலிருந்து இழுங்கள். கைக்கு இசைவான திசைக்குக் கான்வாஸைச் சுழற்றிக்கொள்ளுங்கள். ஒரு கோட்டுக்கு மூன்று அண்டூ (போட்டதை ரத்து செய்வது), அதற்கு மேல் வேண்டாம். நான்காவது முயற்சி எப்படி வந்தாலும் விட்டுவிட்டு அடுத்த கோட்டுக்குப் போங்கள். முழு உருவமும் வந்தபின் அந்தக் கோடு பெரும்பாலும் உறுத்தாது.

பெட்டியில் 8192 அழுத்த நிலைகள் என்று அச்சிட்டிருப்பார்கள். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடிமன் என்று டிரைவரில் வைக்கும் அழுத்த வளைவு உங்கள் கைக்குப் பொருந்தாவிட்டால் அதனால் லாபமில்லை. எழுதும்போது கொடுக்கிற சாதாரண அழுத்தத்துக்கே முக்கால் தடிமன் வரும்படி வளைவை மென்மையாக்குங்கள். பேடின் பரப்பு வழுக்கினால் ஒரு வெள்ளைத்தாளை அதன்மேல் ஒட்டி வரையலாம். முனை சீக்கிரம் தேயும், ஆனால் காகிதத்தில் வரையும் பிடிப்பு கிடைக்கும். முனை ஒரு பக்கம் தட்டையாகி ஓரம் கூராகிவிட்டால் மாற்றுங்கள், பரப்பைக் கீறிவிடும்.

கே: மூன்று நாள் உட்கார்ந்து வரைந்த படத்துக்குப் பதினோரு லைக். அரை மணியில் போட்ட, எல்லோருக்கும் தெரிந்த ஒரு கார்ட்டூன் முகத்துக்கு நானூறு. இப்போது எதை வரைய உட்கார்ந்தாலும் ‘இது ஓடுமா’ என்றுதான் முதலில் தோன்றுகிறது.

ப: இந்தக் கேள்வியின் கடைசி வரிதான் கவலை தருகிறது. லைக் குறைவது ஒரு நாள் வருத்தம். எதை வரையலாம் என்ற முடிவே கையைவிட்டுப் போவதுதான் பெரிய இழப்பு.

இதற்கு நேராகப் பொருந்தும் ஓர் ஆய்வு உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் வெளியிட்டது. மழலையர் பள்ளியில் ஸ்கெட்ச் பேனா என்றால் தானாகவே ஓடிவந்து வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொன்னார்கள். தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ். இன்னொரு பகுதிக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்தபோது, முன்கூட்டியே பரிசு சொல்லப்பட்ட குழந்தைகள் மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு வாங்கியவர்களுக்கு அந்த ஆசை குறையவில்லை.

பரிசு கிடைத்ததால் கெடவில்லை, பரிசை எதிர்பார்த்து வரைந்ததால் கெட்டது. லைக்கை நீங்கள் வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை, வரிசையை மாற்றினால் போதும். ஒரு படத்தைப் பதிவேற்றுவதற்கு முன் அடுத்த படத்தின் ஸ்கெட்சை ஆரம்பித்துவிடுங்கள். முந்தைய படத்தின் எண்ணிக்கை கண்ணில் படும்போது அடுத்தது என்ன என்பது முடிவாகியிருக்கும். அன்றன்றைக்குப் போடாமல் இரண்டு வாரத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை மறைக்கும் வசதி இருந்தால் மறையுங்கள். வருடத்தில் நாலைந்து படமாவது யாருக்கும் காட்டாமல் வரையுங்கள், அதில் மட்டும் உங்களுக்குப் பிடித்த அபத்தங்களைச் செய்யுங்கள்.

அந்த நானூறுக்கும் ஒரு விளக்கம் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் திரையில் அரை நொடியில் அடையாளம் தெரிந்த முகத்தை மக்கள் தட்டினார்கள். உங்கள் மூன்று நாள் உழைப்பின் நிறமும் கட்டமைப்பும் அந்த அரை நொடிக்குள் கண்ணில் படவே வாய்ப்பில்லை.

கே: என் கணினியில் பளிச்சென்று இருக்கும் வண்ணம், மற்றவர்கள் போனில் செத்துப்போய்த் தெரிகிறது. எனக்கு வண்ணம் புரியவில்லையோ?

ப: உங்கள் திரையில் இரவு நேர மஞ்சள் வடிகட்டி போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாலையில் அது தானாக விழித்துக்கொள்ளும். அது தெரியாமல் நீலத்தைக் கூட்டிக்கூட்டி வரைவீர்கள், காலையில் முகம் வெளிறிக் கிடக்கும். கோப்பின் வண்ண முறை திரைக்கான ஆர்ஜிபியாகவும், வண்ணச் சுயவிவரம் பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபியாகவும் இருக்கவேண்டும். அச்சுக்கான சிஎம்ஒய்கேயில் வரைந்ததையும், அகல வண்ணப் பரப்பு உள்ள சுயவிவரத்தில் வரைந்ததையும் அப்படியே ஏற்றினால் மங்கும். அனுப்பும் செயலிகள் படத்தை இன்னொரு தடவை சுருக்கும் என்பதால் நீளப் பக்கம் 2000 பிக்சல் அளவுக்கு நீங்களே குறைத்து பிஎன்ஜியாகச் சேமியுங்கள். இத்தனையும் சரியாக இருந்து இன்னும் மங்கலாக இருந்தால் மட்டுமே வண்ணப் பாடத்துக்குப் போகலாம்.

கே: ரெஃபரன்ஸ், அதாவது மாதிரிப் படம் பார்க்காமல் எனக்கு ஒன்றுமே வரையத் தெரியவில்லை. பார்த்து வரைவது ஏமாற்று வேலைபோல் உறுத்துகிறது.

ப: டச்சுக்காரரான வான்கோ ஓவியராவது என்று முடிவு செய்தபோது வயது 27, வருடம் 1880. அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சார்ல் பார்க் என்பவர் மாணவர்களுக்காக அச்சிட்டிருந்த மாதிரிப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தது. 1882-இல் குறுக்கே நூல் கட்டிய ஒரு மரச்சட்டத்தைச் செய்து வாங்கி, வெளியில் நட்டு, அதன் வழியாகப் பார்த்துத் தூரமும் அளவும் பிடித்தார். பிரெஞ்சு ஓவியர் தேகா தன் நடன மங்கையரின் நிலைகளை டிரேசிங் தாளில் எடுத்து, மாற்றி மாற்றிப் பயன்படுத்தினார். பார்த்து வரைவது குற்றமென்றால் ஓவிய வரலாற்றில் பாதியை வெளியே வைக்கவேண்டியிருக்கும்.

ஆனால் பார்த்து வரைவதிலும் கற்பது உண்டு, கற்காமல் போவதும் உண்டு. வெளிக்கோட்டை மட்டும் அப்படியே நகலெடுத்தால் படம் வரும், அறிவு வராது. இப்படிச் செய்து பாருங்கள். ஒரு புகைப்படத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் வரையுங்கள். அதை மூடிவிட்டு, நினைவிலிருந்து பத்து நிமிடம் இன்னொரு முறை வரையுங்கள். பிறகு புகைப்படத்தைத் திறந்து, சிவப்பு லேயரில் வித்தியாசங்களைக் குறியுங்கள்: ‘முழங்கை இடுப்புக்கு மேலே நிற்கிறது’, ‘கழுத்து தோளுக்கு நடுவில் இல்லை, முன்னால் சாய்ந்திருக்கிறது’. அந்தச் சிவப்புக் குறிகள்தான் உங்களுக்கான பாடத்திட்டம். பத்துப் படத்துக்குப் பிறகு பார்த்தால் அதே இரண்டு மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப வந்திருக்கும். ‘ஒன்றுமே தெரியவில்லை’ என்ற பயம் அப்போது ‘கழுத்தும் முழங்கையும் பழகவேண்டும்’ என்ற அளவுக்குச் சுருங்கிவிடும்.

டிரேஸ் செய்வதானால் ஓரத்தை விட்டுவிட்டு உள்ளே செய்யுங்கள். புகைப்படத்தின் மேல் விலா எலும்புக்கூட்டை ஒரு முட்டையாகவும், இடுப்பை ஒரு பெட்டியாகவும், மூட்டுகளைப் புள்ளிகளாகவும் போடுங்கள். பிறகு புகைப்படத்தை அணைத்துவிட்டு அந்தப் பெட்டிகளின் மேல் உடலைக் கட்டுங்கள்.

உறுத்தவேண்டிய இடம் ஒன்றே ஒன்று: இன்னொருவரின் ஓவியத்தையோ புகைப்படத்தையோ அப்படியே எடுத்துவிட்டுச் சொந்தக் கற்பனை என்று காட்டுவது, விற்பது. பயிற்சிக்கு எடுத்தால் உங்களிடமே இருக்கட்டும். வெளியே காட்டினால் யாருடையது என்று எழுதிவிடுங்கள்.

கே: வீட்டு வேலையெல்லாம் முடிந்து எனக்குக் கிடைப்பது இருபது நிமிடம். திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே நேரம் போய்விடுகிறது. பிறகு ‘இன்றும் வரையவில்லை’ என்ற குற்ற உணர்ச்சி.

ப: ஓவியத்தில் இரண்டு வகை வேலை இருக்கிறது. யோசிக்கும் வேலை: எதை எங்கே வைப்பது, வெளிச்சம் எந்தப் பக்கம், என்ன நிறம். கை வேலை: தட்டை வண்ணம் நிரப்புவது, கோடு துடைப்பது, துணி மடிப்பு, முடி. களைத்த நேரத்தில் முதல் வகை ஓடாது. நீங்கள் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். விடுமுறை நாளில் கிடைக்கும் ஒரு மணி நேரத்தை யோசிக்கும் வேலைக்கு ஒதுக்குங்கள், மற்ற நாட்களின் இருபது நிமிடத்துக்குக் கை வேலையை மிச்சம் வையுங்கள்.

மூடுவதற்கு முன் மேல் லேயரில் ஒரு வரி எழுதுங்கள்: ‘அடுத்து வலது கை நிழல்’. வேலையைச் சிக்கலான இடத்தில் நிறுத்தாமல், சுலபமான ஒன்றின் நடுவில் நிறுத்துங்கள். மறுநாள் திறந்தவுடன் கைக்கு வேலை தயாராக இருக்கும். பேனாவைச் சார்ஜ் செய்து, பேடை எடுத்துவைக்காமல் இணைத்தபடியே வைத்திருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் மிஞ்சும். வரைய முடியாத நாளில் வரையாதீர்கள். வாரத்துக்கு நான்கு நாள் என்று கணக்கு வைத்துக்கொண்டால், ஒருநாள் தவறினாலும் மொத்தமும் உடைந்ததாகத் தோன்றாது.

கே: பதினேழு வயதுப் பிள்ளைகள் வரைவதைப் பார்த்தால், நாற்பதைத் தாண்டிய எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

ப: அடைக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளை ஒருநாளைக்கு ஐந்து மணி நேரம் வரைந்திருக்கலாம், நீங்கள் பார்ப்பதும் நூற்றில் பொறுக்கி எடுத்த பத்துப் படங்களை. உங்கள் முன்னேற்றத்தை அளக்க உங்களிடமே ஒரு கோல் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு முந்தைய ஒரு படத்தின் தலைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய படத்தைத் திறந்து பார்க்காமல், அதே கான்வாஸ் அளவில், அதே நேரத்துக்குள் மறுபடி வரையுங்கள். முடித்தபின் இரண்டையும் அருகருகே வையுங்கள். எது மாறவில்லை என்பதையும் பாருங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கான வேலை அதுதான்.

கே: கட்டளை எழுதினால் செயற்கை நுண்ணறிவு நொடியில் படம் தருகிறது. நான் எதற்கு வருடக்கணக்கில் கஷ்டப்படவேண்டும்?

ப: 2022-இல் இந்தக் கருவிகள் பொதுமக்கள் கைக்கு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி பலரை வதைக்கிறது. தொழிலாக வரைபவர்களுக்கு இதில் உண்மையான நஷ்டம் இருக்கிறது, அதைச் சாதாரணமாகத் தள்ள மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் பொழுதுபோக்காக வரைகிறீர்கள். உங்களுக்கு வேண்டியது படம் மட்டும்தானா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வாரம் காது மட்டும் வரைந்தால், அது புருவ மட்டத்தில் தொடங்கி மூக்கின் அடிமட்டத்தில் முடிவதும், சற்றுப் பின்னால் சாய்ந்திருப்பதும் தெரியவரும். அதற்குப் பிறகு பயணத்தில் எதிரே இருப்பவரின் காதை உங்களால் பார்க்காமல் இருக்க முடியாது. அந்தப் பார்வை வரைந்தவருக்குத்தான் கிடைக்கும், நொடியில் வந்த படத்தால் அதைத் தர முடியாது.

நடைமுறையாக ஓர் எச்சரிக்கை. இயந்திரம் தந்த படத்தை உடற்கூறு பழகும் ரெஃபரன்ஸாக வைக்காதீர்கள். விரல் மூட்டுகள், பை வாரின் கொக்கி, நகை கோத்திருக்கும் விதம், இரண்டு பொருள்களின் நிழல் விழும் திசை ஆகியவற்றில் தவறுகள் நயமாக ஒளிந்திருக்கும். பழகும் கண் அதைச் சரியென்று எடுத்துக்கொள்ளும். உங்கள் கையையே போனில் படம் எடுத்துப் பார்த்து வரைவது எவ்வளவோ மேல்.

கே: ஒரு மாத தினசரிச் சவாலில் சேர்ந்தேன். ஒன்பதாம் நாள் நின்றுவிட்டது. இப்போது மணிக்கட்டும் வலிக்கிறது.

ப: அக்டோபர் மாத மை ஓவியச் சவாலை 2009-இல் ஜேக் பார்க்கர் என்ற ஓவியர் தொடங்கியது தன் சொந்தப் பயிற்சிக்காக. 31 படமும் முழுப் படமாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. ஒன்பது நாளில் ஒன்பது படம் வந்திருக்கிறது, சாதாரண மாதத்தில் அத்தனை வந்திருக்குமா? அடுத்த முறை பத்து நாளுக்கு ஒரே தலைப்பு, ஒரு படத்துக்கு முப்பது நிமிடம் என்று எல்லை போட்டுச் செய்யுங்கள்.

வலியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மெல்லிய பேனாவை இறுக்கிப் பிடிப்பது, அதிகம் அழுத்துவது, மணிக்கட்டை மட்டும் ஆட்டி வரைவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் வலி வரும். பேனாவுக்கு ஃபோம் உறை போட்டுத் தடிமனாக்குங்கள், அழுத்த வளைவை மென்மையாக்குங்கள், 25 நிமிடத்துக்கு ஒருமுறை பேனாவைக் கீழே வைத்து எழுந்திருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போனால் மணிக்கட்டில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்கவேண்டும். மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்தால், முழங்கையை மேசை ஓரத்தில் ஊன்றி வரைவது காரணமாக இருக்கலாம். மரத்துப்போவது நீடித்தாலோ இரவில் எழுப்பினாலோ வரைவதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கே: ஆறு மாதமாகத் தொடவில்லை. திறக்கவே பயமாக இருக்கிறது. எப்படி ஆரம்பிப்பது?

ப: முதல் நாள் பழைய கோப்பு எதையும் திறக்காதீர்கள். பேனாவைச் சார்ஜ் செய்து, அழுத்தம் வேலை செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். இடையில் கணினி புதுப்பித்துக்கொண்டதில் டிரைவர் அமைப்பு அழிந்திருக்கலாம். எப்படி அழுத்தினாலும் கோடு ஒரே தடிமனில் வந்தால், விண்டோஸ் கணினியில் விண்டோஸ் இங்க் என்ற பேனா அமைப்பு டிரைவரிலும் மென்பொருளிலும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். இதை முதல் நாளே பார்க்காவிட்டால், கருவியின் கோளாறைக் கை மறந்துபோனதாக எண்ணிக்கொள்வீர்கள். நாணயச் சோதனையையும் அன்றே செய்துவிடுங்கள்.

இரண்டாம் நாள், மேசைமேல் இருக்கும் ஏதாவது ஐந்து பொருள்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம், ஒரே பிரஷ், ஒரே நிறம், அழிப்பான் இல்லாமல். கோடு முன்பைவிடத் தடுமாறும். ஆனால் அளவுகளைப் பார்த்தால் பெரிய இழப்பு இருக்காது. கை துருப்பிடிக்கும் வேகத்துக்குக் கண் துருப்பிடிப்பதில்லை.

மூன்றாம் நாள், ஆறு மாதத்துக்கு முன் விட்ட கடைசிப் படத்தைத் திறங்கள். இடவலமாகத் திருப்புங்கள். அன்று தெரியாத ஒரு தவறு இன்று கண்ணில் படும். அதை மட்டும் திருத்திச் சேமித்துவிட்டு எழுந்து போங்கள்.